பிபி எவ்வளவு என்று பார்க்கும்போது, சாப்பிட்டீர்களா என்றும் கேளுங்கள்

கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் சுகாதார அதிகாரிகளுக்கும், கர்நாடக அரசின் சுகாதாரத் துறை, உணவுத் துறை அதிகாரிகளுக்கும், 'நம்ம கிளினிக்' என்ற அரசு கிளினிக்குகளில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்சுகளுக்கும்,

வணக்கம்.

நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பார்மசிஸ்ட். இதே கடிதத்தைக் கன்னடத்தில் மனுவாக எழுதி உங்கள் அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன். தமிழில் எல்லோரும் படிக்கும்படி வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகிற ஆட்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னேன் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். தப்பாகச் சொல்லியிருந்தால் கடைக்கு வந்து என்னைக் கேட்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் பிபி அடங்காமல் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு மாத்திரை கிடைக்கிறது. சாப்பாடுதான் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறோம்.

ஸ்ரீராமபுரத்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மல்லேஸ்வரம். விடியும் முன்பே பெண்கள் அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் பெயின்டிங், சென்டரிங், மார்க்கெட்டில் மூட்டை என்று போவார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பங்கள் இருக்கின்றன, போன வருஷம் வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் வந்த முதல் வாரம் கடைக்கு வந்து முழு ஸ்ட்ரிப்பாக வாங்குவார்கள். நாலாவது வாரம் வந்தால், "ஒரு நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்கண்ணா" என்பார்கள். கத்தரிக்கோல் எப்போது அதிகம் வேலை செய்கிறது என்பதை வைத்தே எங்கள் தெருவில் மாதம் எத்தனையாம் தேதி என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். பணம் இல்லாமல் பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு, கை கால் இழுத்துக்கொண்ட பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று நம்ம கிளினிக்குக்கு நடந்து போனால் அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் காசில்லாமல் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, இந்த மாதிரி நமக்கும் வராதா என்று ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள என் வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். 2024இல் கோலாரில் நீங்கள் கிருக ஆரோக்கியத் திட்டத்தைத் தொடங்கினீர்கள். வீடு தேடி வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். மத்திய அரசும் 2017இலிருந்து ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்துகிறது. இவ்வளவும் தேவைதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 சதவீதம், ஆண்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மல்லேஸ்வரத்தில் நாலு வீட்டு வேலை. மகனுக்கு வேலை இருந்தால் கொஞ்சம் கொடுப்பான். ஒரு நாள் புது மாத்திரையோடு வந்தார். அவர் போகிற கிளினிக்கில் பிபி 170/100 காட்டியிருக்கிறது. ஒரு மாத்திரை போதவில்லை என்று இரண்டாவதைச் சேர்த்திருக்கிறார்கள். "உப்பைக் குறைக்கச் சொன்னா கேக்கறதில்ல" என்று திட்டும் விழுந்திருக்கிறது. புது மாத்திரையை எப்போது போடுவது என்று என்னிடம் கேட்டார். பழைய மாத்திரையைக் காட்டுங்க என்றேன். ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள்ளிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஸ்ட்ரிப்புகளை எடுத்து வைத்தார். ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் பாதிக்கும் மேல் அப்படியே இருந்தது.

"ஏன்க்கா போடல?"

"சாப்பிட்டதுக்கு அப்புறம்தானே போடணும்? சாப்பிட்ட அன்னிக்கெல்லாம் போட்டுட்டேன் தம்பி."

சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். அவர் ஐந்தரைக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். முதல் வீட்டில் காபி தருவார்கள். இரண்டாவது வீட்டில் ராத்திரி மிஞ்சியது இருந்தால் பதினொரு மணிக்கு ஏதாவது கிடைக்கும், இல்லாத நாளில் கிடைக்காது. வீட்டுக்கு வந்து உலை வைத்துச் சோறு சாப்பிட மூன்று மணி ஆகும். அதற்குள் காலை மாத்திரையின் நேரம் போய்விட்டது என்று விட்டுவிடுவார். டாக்டர் பேச்சை அவர் மீறவே இல்லை. எழுதியதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார்.

அம்லோடிபினுக்குச் சாப்பாடு அவசியமே கிடையாது. டெல்மிசார்ட்டனுக்கும் அப்படித்தான். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், வேலை ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் போடுவதுதான் முக்கியம். இது உங்கள் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீட்டு எழுதும் கை பழக்கத்தில் எல்லா மாத்திரைக்கும் சேர்த்து ஒரே மாதிரி எழுதிவிடுகிறது. கடைக்காரர்களும் கவர் மேல் அதையே எழுதுகிறோம்.

சுகர் மாத்திரை விஷயம் வேறு. கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போனால் வயிற்றைப் புரட்டும். எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிபியும் சுகரும் சேர்ந்தே இருப்பதால், பசியோடு இருக்கும் நாளில் பயந்து எல்லா மாத்திரையையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்று யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்கள் சர்க்கரை இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்வது, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. வசதியானவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. பணக்கார நாட்டிலேயே மாதக் கடைசி இப்படி என்றால் இங்கே சொல்லவே வேண்டாம்.

அந்த அக்காவுக்கு இப்போது இரண்டு மாத்திரை. சாப்பிட்ட நாளில் இரண்டையும் போடுவார், சாப்பிடாத நாளில் ஒன்றும் கிடையாது. பிபி ஒரு நாள் இறங்கும், அடுத்த நாள் ஏறும். இரண்டும் சேர்ந்து உள்ளே போன நாளில் தலை சுற்றினால், மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மொத்தமாக நிறுத்துவார். அடுத்த மாதம் கிளினிக்கில் இன்னும் அதிகமாகக் காட்டும். மூன்றாவது மாத்திரை வரும். ஒரு வேளை வேறு ஏதோ நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கே மூன்று வேளைச் சாப்பாட்டோடு சீட்டில் உள்ள எல்லா மாத்திரையும் ஒழுங்காகக் கொடுத்தால், பிபி தடாலென்று இறங்கிவிடவும் கூடும். இத்தனைக்கும் காரணம், காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று யாரும் கேட்காததுதான்.

சரி, மாத்திரையைத் தினமும் போடவைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சாப்பாடு விடாது.

கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவுரையைப் படித்தேன். பழம், காய்கறி, கீரை, பருப்பு, கொழுப்புக் குறைந்த பால் சாப்பிடவும், உப்பைக் குறைக்கவும் என்று இருக்கிறது. சரியான அறிவுரை. இந்த மாதிரி அறிவுரைகளுக்குப் பின்னால் இருப்பது 1997இல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வு. 459 பேரை வைத்துச் செய்தார்கள். பழம், காய்கறி, கொழுப்புக் குறைந்த பால் அதிகமுள்ள சாப்பாட்டை எட்டு வாரம் சாப்பிட்டதில், ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது. ஆனால் அந்த ஆய்வில் அறிவுரை சொல்லி அனுப்பவில்லை. அத்தனை பேருக்கும் எட்டு வாரமும் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்தார்கள். பிபியை இறக்கியது தட்டில் இருந்த சாப்பாடு. நாம் அந்தத் தட்டைத் தராமல், அதில் என்ன இருந்தது என்று மட்டும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டைச் சொல்கிறேன். ரேஷன் அரிசி இருக்கும், அது பெரிய ஆறுதல். 2013இல் அன்னபாக்கியா என்ற ரேஷன் அரிசித் திட்டம் வந்ததிலிருந்து, இந்த ஊரில் அரிசிக்கு வழியில்லாமல் அடுப்பு எரியாத வீடுகள் குறைந்தன. ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? மாத ஆரம்பத்தில் சாம்பார் கொதிக்கும், சொப்பு, அதாவது கீரை, வாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை கோழி. இருபது தேதிக்கு மேல் காய் குறையும், அப்புறம் பருப்பு குறையும். கடைசி வாரத்தில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, இல்லாவிட்டால் வெறும் ரசம். காய் இல்லாமல் அவ்வளவு சோறு இறங்க வேண்டும் என்றால் உப்பும் புளியும் காரமும் தூக்கலாக இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே பசித்தால் டீயும் பன்னும், அல்லது தள்ளுவண்டிச் சித்ரான்னா. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் பாக்கெட் பிரித்தால் அம்மாவும் அதிலேயே இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். அந்த மசாலாப் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். நம் நாட்டில் சராசரியாகவே அதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுகிறோம். இன்னொரு பக்கம் பொட்டாசியம். கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு இதிலெல்லாம் இருக்கிறது. உப்பில் உள்ள சோடியத்தை உடம்பு வெளியே தள்ளுவதற்கும் ரத்தக் குழாய் தளர்வதற்கும் அது உதவும். கையில் காசு குறையும்போது இரண்டும் ஒரே நேரத்தில் கெடுகின்றன: உப்பு ஏறுகிறது, பொட்டாசியம் இறங்குகிறது. அதனால்தான் ஊறுகாயை நிறுத்து என்று அந்த அக்காவிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. நிறுத்தினால் வெறும் சோறுதான். அவருக்கு ஊறுகாய் மேல் ஆசை ஒன்றும் இல்லை. குறைந்த காசில் ஒரு குண்டான் சோற்றை உள்ளே தள்ள வேறு வழி இல்லை.

நாளைக்கு என்ன சமைப்பது என்ற கவலையோடு படுப்பவருக்குத் தூக்கம் வராது. தூக்கம் குறைந்தாலும் கவலை கூடினாலும் பிபி ஏறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசு வந்த வாரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு, காசில்லாத வாரத்தில் காயப்போட்டு, மறுபடி சாப்பிடும்போது உடம்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்த்துவைக்கிறது. "குண்டாத்தானே இருக்காங்க, இவங்களுக்கா சாப்பாடு இல்ல?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

பசி உடம்பில் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களின் பிறப்புப் பதிவுகளை எடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1996இல் வெளியிட்டார்கள். அம்மா வயிற்றுக்குச் சாப்பாடு இல்லாதது பிள்ளைக்கு நாற்பது ஐம்பது வயதில் நெஞ்சுவலியாக வரலாம் என்றால், இன்று ஸ்ரீராமபுரத்தில் அரை வயிற்றோடு வேலைக்குப் போகிற கர்ப்பிணியும் உங்கள் பிபி திட்டத்துக்குள் வருகிறவர்தான்.

தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. சிலருக்கு நீர் பிரியும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். வீட்டு வேலை செய்கிற பெண்களில் பலரை அந்த வீட்டு டாய்லெட்டுக்குள் விடுவதில்லை. காலையில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு நாலு வீடு முடிக்க முடியுமா? ஒன்று மாத்திரையை விடுகிறார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடிப்பதை விடுகிறார்கள். வெயில் காலத்தில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் அந்த மாத்திரை மட்டும் உள்ளே போனால் தலை சுற்றிக் கீழே விழுவார்கள். முட்டி வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இருக்கிறதே, அதுவும் பிபியை ஏற்றும். அதைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் எங்கள் தொழிலில் இருக்கின்றன. அதற்கு எங்கள் சங்கக் கூட்டத்தில் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்பது. முதலாவதற்குப் பெரிய செலவு கிடையாது. பிபி பார்க்கும் அட்டையில் இரண்டு கேள்வி சேருங்கள். போன ஒரு மாதத்தில் காசில்லாமல் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று பயந்ததுண்டா? உண்மையிலேயே தீர்ந்துபோய் ஒரு வேளை, இரு வேளை பட்டினி கிடந்ததுண்டா? கிட்டத்தட்ட இதே இரண்டு கேள்வியை அமெரிக்காவில் பல கிளினிக்குகளில் வழக்கமாகக் கேட்கிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பிடம் எட்டுக் கேள்வி கொண்ட அளவுகோலே இருக்கிறது. நமக்கு இரண்டு போதும். ஆனால் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டால் ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "இன்னிக்கு என்னக்கா சாப்ட்டீங்க?" என்று தொடங்கினால் சொல்வார்கள். தமிழோ தெலுங்கோ தெரிந்த நர்சோ, 'ஆஷா' என்கிற சுகாதாரப் பணியாளர் அக்காவோ இருந்தால் இன்னும் நல்லது. ஆம் என்று பதில் வந்தால், மாத்திரையைக் கூட்டும் முன்பு வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்ட்ரிப்பைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

பிபி மாத்திரையைச் சீட்டில் தனி வரியாக எழுதுங்கள்: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில், தண்ணீரோடு. சுகர் மாத்திரைக்கு வேறு வரி: சாப்பாடு இல்லாத நாளில் என்ன செய்வது என்று டாக்டரே ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவருக்கு ராத்திரியில் போட வசதி என்றால் அம்லோடிபினை ராத்திரிக்கு மாற்றிக் கொடுக்கலாமே. அளவு நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள். மாதா மாதம் பகல் நேரத்தில் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகிறது, அந்தக் கூலிதான் அன்றைய காய்கறி.

அடுத்தது இந்திரா கேன்டீன். 2017 ஆகஸ்டில் திறந்தபோது ஐந்து ரூபாய்க்குக் காலைச் சாப்பாடு, பத்து ரூபாய்க்கு மதியச் சாப்பாடு என்றார்கள். சென்னையில் 2013இல் வந்த அம்மா உணவகத்தைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் கைதட்டினார்கள். இன்றும் ஆட்டோ ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர் எல்லாம் அங்கே போகிறார்கள். வீட்டு வேலைப் பெண்களுக்குத்தான் நேரம் சேரவில்லை. காலைக் கவுன்ட்டர் திறக்கும்போது அவர்கள் முதல் வீட்டில் பாத்திரத்தில் கை வைத்திருப்பார்கள். ரயில் பாதையைத் தாண்டிப் போகிற வழியில், விடியும் நேரத்தில் ஒரு பொட்டலம் இட்லி கிடைத்தால் பலருடைய காலை மாத்திரைப் பிரச்சினை அங்கேயே தீரும். சாப்பாடு போதவில்லை என்று கிளினிக்கில் சொன்னவர்களுக்கு, மாத்திரையோடு சேர்த்து ஒரு மாதத்துக்கான கேன்டீன் டோக்கனையும் கொடுங்கள். சாப்பாடு ஒரு துறை, மாத்திரை ஒரு துறை என்பதெல்லாம் உங்கள் ஆபீஸ் கணக்கு. கேன்டீன் சாம்பாரிலும் உப்பிட்டு என்கிற உப்புமாவிலும் எவ்வளவு உப்பு போகிறது என்று அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே நாளில் குறைத்தால் சப்பென்று இருக்கிறது என்று சாப்பிட மாட்டார்கள், மாதக்கணக்கில் இறக்கினால் நாக்கு பழகிவிடும். வாரத்தில் சில நாளாவது சொப்பும் பருப்பும் சேர்ந்த சாறு (குழம்பு) போட்டால் போதும், நம்ம ஊர்ச் சாப்பாடுதான்.

உணவுத் துறைக்குக் குறிப்பாக ஒன்று. கூடுதலாகத் தந்த ஐந்து கிலோ அரிசிக்குப் பதிலாக இந்திரா உணவுக் கிட் தருவது என்று 2025 அக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்தது. துவரம் பருப்பும் எண்ணெயும் வருவது பிபிக்காரர்களுக்கு நிஜமாகவே நல்ல செய்தி. மாதக் கடைசியில் முதலில் காணாமல் போவது பருப்புதான். ஆனால் அதே பையில் சர்க்கரையும் உப்பும் இருக்கின்றன. சர்க்கரைக்கு ஆகும் காசுக்குக் கூடுதலாகப் பருப்போ கடலையோ கொடுக்க முடியுமா என்று பாருங்கள். உப்பு கொடுப்பதாக இருந்தால் எந்த உப்பு என்று யோசியுங்கள். சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரை வைத்து, பாதிக் கிராமங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இலேயே அம்மா உப்பு வரிசையில் சோடியம் குறைந்த உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெரியாத சரக்கு இல்லை. கடையில் அதன் விலை சாதா உப்பைவிடப் பல மடங்கு என்பதால்தான் எங்கள் ஆட்கள் தொடுவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையை விடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உப்பு ஆபத்து. டெல்மிசார்ட்டன் எடுப்பவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் ஏற வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லோர் பையிலும் போடச் சொல்லவில்லை. பிபிக்காரர்களுக்குக் கிளினிக்கில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு, யாருக்கு எந்த உப்பு என்று அட்டையில் எழுதி, அதை ரேஷன் கடையில் காட்டி வாங்குகிற மாதிரி ஒரு வார்டில் செய்து பாருங்கள். பொட்டலத்தின் மேல் எச்சரிக்கையைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலிலும் போடுங்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ரேஷன் கார்டு திருவண்ணாமலையில் இருக்கிறது. அங்கே இருந்தால் முப்பது ரூபாய்க்குத் துவரம் பருப்பும் இருபத்தைந்து ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்கியிருப்பார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் முன்னுரிமைக் கார்டு உள்ளவர்கள் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியான தானியத்தை இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம். பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அந்தத் தானியம் மட்டும்தான், ஊரில் தமிழ்நாடு அரசு தருகிற பருப்பும் எண்ணெயும் இங்கே வராது, இங்கே கர்நாடக அரசு அறிவித்த கிட்டுக்கும் அவர்களிடம் கார்டு இல்லை. இரண்டு மாநிலத்து உணவுத் துறை அதிகாரிகளும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் தீர்க்க முடியாத சிக்கலா இது? அதுவரைக்கும் கிளினிக்கில் பிபி அட்டை வைத்திருந்தாலே கேன்டீன் டோக்கன் தரலாம், கார்டு எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

கடைசியாக, எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் செய்யக்கூடியது. மாத்திரைக் கவரில் ஒட்ட, மேலே சொன்ன இரண்டு வரியையும் நாலு மொழியில் ஸ்டிக்கராக அச்சடித்துக் கொடுங்கள். ஸ்ரீராமபுரத்திலும் ஓகலிபுரத்திலும் எனக்குத் தெரிந்த கடைக்காரர்களிடம் நான் பேசுகிறேன், ஒட்டுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு பிபி பார்ப்பதற்கு என் கடையில் ஒரு நாற்காலியும் மேசையும் போட்டுத் தருகிறேன். உங்கள் நர்சு ஒருவரை வாரம் ஒரு நாள், ஏழு மணிக்கு மேல் அனுப்புங்கள். வருகிறவர்கள் மிச்ச ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று நான் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரம் மெடிக்கல் ஷாப்காரன்